எதிர்க்கடைக்குக் காத்திருப்பவர்கள்

உட்காருங்கள் அண்ணாச்சி. கூச்சப்படாதீர்கள். எதிரே பிச்சையாவின் டைப்பிங் கடைக்கு வந்தவர்தானே? அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது. கார்த்திகை முகூர்த்தம், பத்திர ஆபீஸில் டோக்கன் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். பிச்சையா உங்களுக்குக் கொடுத்த டோக்கன் என்ன? இருபத்து மூன்றா? அப்படியானால் நிதானமாகவே உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்கார்ந்தால் ஃபேன் நேராகப் படும்.

எல்லாரும் இங்கேதான் வந்து காத்திருப்பார்கள். எனக்கும் பேச்சுத்துணை. வெளியே போர்டில் 'செண்பகா டைப்பிங் சென்டர்' என்று பார்த்திருப்பீர்கள். கடை இதுதான். செண்பகாதான் எதிரே இருக்கிறாள். அதோ, பச்சைப் புடவை, முதல் மிஷின். உங்கள் பத்திரத்தை அடிக்கப்போகிறவள். என் மனைவி.

சேச்சே, சண்டையெல்லாம் இல்லை. காலையில் ஒரே ஸ்கூட்டரில்தான் வருகிறோம். அவளைப் பிச்சையா வாசலில் இறக்கிவிட்டு, டீக்கடை முக்குவரை போய்த் திரும்பி வந்து இந்த வாசலில் வண்டியை நிறுத்துவேன். சாயங்காலமும் அப்படித்தான். முதலில் தெருவே சிரித்தது. இப்போது சிரிப்பதில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டதல்லவா, பழகிவிட்டது.

நான் கோமதிநாயகம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இருபத்தாறு வருடம். நாற்பது மிஷின். நாற்பதிலும் லினக்ஸ் போட்டவன் நான். ஒற்றை ஆளாகப் போட்டேன். லினக்ஸ் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா. பரவாயில்லை. கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை சாஃப்ட்வேர். விண்டோஸ் இருக்கிறதே, அந்த இடத்தில் இதைப் போடலாம். இலவசம். இலவசம் என்பதுகூடப் பெரிதில்லை. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் என்பார்கள். யாருடைய அனுமதியும் கேட்க வேண்டாம். எனக்கு அதில் பிடித்ததே அதுதான், அனுமதி கேட்க வேண்டாம் என்பதுதான்.

போன சித்திரையில் லேபை மூடிவிட்டார்கள். சேர ஆளில்லை. வீட்டில் இருந்தேன். இருபத்தாறு வருடமாக நாளைக்குப் பத்துப் பேராவது வந்து, 'சார், இது வேலை செய்யலை சார்' என்பார்கள். திடீரென்று ஒருத்தரும் இல்லை. அதை விடுங்கள். கடைப் பக்கம் வரத் தொடங்கினேன். அதுவரை கடை என்பது செண்பகத்தின் விஷயம். இருபத்திரண்டு வருடமாக அவளே நடத்தினாள், நான் எட்டிப் பார்த்ததில்லை.

வந்து பார்த்தால், அண்ணாச்சி, மிஷினில் திருட்டு விண்டோஸ்! யாரோ ஒருவன் எந்தக் காலத்திலோ போட்டுக் கொடுத்தது. இது அசல் இல்லை, இது அசல் இல்லை என்று திரையின் மூலையில் அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது. கிரயப் பத்திரம் அடிக்கிற கடை இது. 'மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று நாள் முழுக்க அடிக்கிறாள். அடிக்கிற மிஷினிலேயே வில்லங்கம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

"தெரு முழுக்க அப்படித்தான்" என்றாள். "பத்து வருஷமா ஓடுது. ஓடுறதை எதுக்கு நோண்டணும்?"

அன்றைக்கு அதோடு விட்டேன். திருநெல்வேலியில் எங்கள் ஆட்கள் ஒரு குழு இருக்கிறது, மாதம் ஒருமுறை கூடுவோம். சாதாரண மக்கள் ஏன் லினக்ஸ் பக்கம் வருவதில்லை என்பதுதான் எப்போதும் விவாதம். வாட்ஸப்பிலும் அதே விவாதம்தான். வாட்ஸப் கட்டற்றதா என்று கேட்காதீர்கள், அதை ஏற்கெனவே ஒருவர் கேட்டு, கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்போம். நானும் கை தூக்கியிருக்கிறேன். அந்த மாதம் ஒருவர் கேட்டார், "நாயகம் சார், உங்க வீட்டுல மாத்தியாச்சா?" என்று. சுருக்கென்று இருந்தது.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் யார் பத்திரம் பதிவார்கள்? பதினெட்டாம் பெருக்கு ஒரு நாள் தவிர இந்தத் தெருவே ஈ ஓட்டும். ஊர் முழுக்கக் கோமதியம்மன் கோவில் தபசுத் திருவிழாக் கூட்டம் இருக்கும், பத்திர ஆபீஸில் மட்டும் ஆள் இருக்காது. மாற்றுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? முப்பது நாள் இருந்தது. ஆனால் எந்த லினக்ஸ் போடுவது என்று தீர்மானிக்க வேண்டுமே. அதில் நூறு வகை இருக்கிறது. ஒன்றைப் போட்டுப் பார்ப்பேன், இதைவிட அது நன்றாக இருக்கும் என்பார்கள், அதைப் போடுவேன். வீட்டில் பழைய மிஷின் ஒன்றில் இப்படி ஒன்பது வகை போட்டுப் பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் ஆடி முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, கடையைத் திறந்து போட்டு முடித்தேன். அவள் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஆமாம், அவளிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்றிருந்தேன். திரையில் கோமதியம்மன் படம்கூடப் போட்டு வைத்தேன்.

மறுவாரம் ஆவணி முதல் முகூர்த்தம். ஒரு மாதம் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலில். செண்பகம் வந்து உட்கார்ந்தாள். மிஷினைப் போட்டாள். அம்மனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"புதுசு. பயப்படாதே. எல்லாம் இருக்கு, இடம்தான் மாறியிருக்கு."

"என் ஃபைலெல்லாம்?"

"ஒண்ணு விடாம எடுத்து வச்சிருக்கேன்."

பழைய கிரயப் பத்திரம் ஒன்றைத் திறந்தாள். அவள் எதையும் முதலிலிருந்து அடிக்க மாட்டாள். பழையதை எடுத்துப் பெயரையும் நான்கெல்லையையும் மாற்றுவாள். கால் மணி நேரத்தில் பத்திரம் தயார். திறந்தால், அண்ணாச்சி, திரை முழுக்க ஆங்கில எழுத்து. நடுநடுவே ஆச்சரியக்குறி, நட்சத்திரம், கமா. முன்னால் உட்கார்ந்திருந்த ஆலங்குளத்துக்காரர் எட்டிப் பார்த்து, "தாயி, எனக்கு இங்கிலீஷ் பத்திரம் வேண்டாம்" என்றார்.

என்ன ஆயிற்று என்றால், அவள் அடித்ததெல்லாம் பழைய காலத்துத் தமிழ் ஃபான்ட்டில். மிஷினுக்கு அது ஆங்கில எழுத்துதான். அந்த ஃபான்ட் இருந்தால் மட்டும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். நான் ஃபைல்களை எடுத்தேன், ஃபான்ட்டை எடுக்கவில்லை. பழைய விண்டோஸோடு சேர்த்து அழித்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். நினைவுக்கு வரவில்லை. லேபில் இருபத்தாறு வருடத்தில் யாரும் தமிழில் ஒரு வரி அடித்ததில்லை.

"சரி, புதுசா அடிக்கிறேன்" என்றாள். கோபமே இல்லை, பாருங்கள். அவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை எழுதியவள், முதல் வகுப்பு. பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில் விரல் போகும். பலகையைப் பார்க்க மாட்டாள், கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் எழுத்தைப் போடுவாள். நான் போட்டிருந்தது வேறு முறை. எழுத்து முதலில், அதன் மேல் உயிர். அறிவியல்பூர்வமானது, படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. பத்து நாளில் பழகிவிடலாம். அதைத்தான் சொன்னேன்.

"பத்து நாள்ல பழகிரலாம், செண்பகம்."

வாசலில் பத்தொன்பது பேர் நின்றார்கள்.

அவள் விரல் அடிக்கிறது, திரையில் வேறு என்னவோ விழுகிறது. அழிக்கிறாள். மறுபடி அடிக்கிறாள். அவள் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட நான்தான் தடுமாறினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒரு பக்கம் அடித்து, முத்திரைத்தாளை வைத்து பிரிண்ட் கொடுத்தாள். பழைய ஃபைலில் மேலே எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை அவள் கணக்காக வைத்திருந்தாள். இதில் அது இல்லை. முதல் நான்கு வரி முத்திரையின் மேலேயே விழுந்துவிட்டது. தாள் பாழ். ஆலங்குளத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

செண்பகம் தாளை மடித்து வைத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். "வீட்டுல எல்லாச் சாமானும் பத்திரமா இருக்கு, அடுக்களையை மட்டும் மாடிக்குத் தூக்கிட்டுப் போயாச்சு" என்று ஆலங்குளத்துக்காரரிடம் சொன்னாள். கைப்பையை எடுத்தாள். "எல்லாரும் என் பின்னால வாங்க" என்றாள். பத்தொன்பது பேரோடு ரோட்டைத் தாண்டினாள். ஒரு லாரி நின்று வழிவிட்டது. "அண்ணாச்சி, ஒரு மிஷின் ஒதுக்குங்க" என்று அவள் பிச்சையாவிடம் கேட்டது இங்கே எனக்குக் கேட்டது. பிச்சையா கடையில் வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போய், மிஷின் சும்மாதான் கிடந்தது. அவன் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான்.

அவன் மிஷினிலும் திருட்டு விண்டோஸ்தான், தெரியுமா?

அன்றைக்கு எனக்குக் கோபம். இப்போது சொல்வதற்கென்ன. இவ்வளவு செய்து கொடுத்தும் பத்து நிமிடம் பொறுக்க முடியவில்லையே என்று கோபம். குழுவில் எழுதினேன். எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள், விழிப்புணர்வு இல்லை என்றார்கள். படித்தபோது முதல்முறையாக ஒரு மாதிரி இருந்தது. செண்பகத்துக்கா விழிப்புணர்வு இல்லை? நாலு தாலுகா சர்வே நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

பழையதையே திரும்பப் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். போடவா என்று அவளிடம் கேட்டேன். இல்லை, கேட்கவில்லை. கேட்க நினைத்தேன். கேட்டால் தோற்றதாகிவிடும் போல இருந்தது. யாரிடம் தோற்பது என்று இப்போது யோசித்தால் ஆளே கிடைக்கவில்லை.

வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறோம். கேஸ் புக் பண்ணியாச்சா, மாவு தீர்ந்துபோச்சு, மோட்டாரை நிறுத்துங்க. எல்லாம் பேசுவோம். கடையைப் பற்றி மட்டும் இல்லை. அந்தப் பேச்சு வருகிற மாதிரி இருந்தால் இரண்டு பேருமே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம்.

சரி, ஃபைல்களையாவது மீட்போம் என்று உட்கார்ந்தேன். ஃபான்ட் வேண்டுமே. அந்தக் காலத்தில் ஒரே ஆள்தான் தெரு முழுக்க ஃபான்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். பிச்சையாவிடம் போய்க் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. செண்பகம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருக்கிறாள். "தாராளமா எடுத்துக்கங்க சார்" என்றான் பிச்சையா. "ஆனா ஒண்ணு, அதுவும் திருட்டு ஃபான்ட்தான். உங்களுக்கு ஒத்துக்குமா?" அவள் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரிப்பா என்று தெரியவில்லை.

எடுத்து வந்தேன். பழைய ஃபான்ட்டிலிருந்து, மிஷினுக்கே தமிழாகத் தெரிகிற புதிய எழுத்துமுறைக்கு மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல். மிஷின் மாற்றிவிடும், சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நான்தான் வாசிக்க வேண்டும். அப்படித்தான் அவளுடைய இருபத்திரண்டு வருடத்தையும் வாசித்தேன்.

ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும் தனக்கென்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள், அண்ணாச்சி. பிரிண்ட் எடுக்கும்போது நீக்கிவிடுவாள் போல. 'காது மந்தம், வலது பக்கம் நின்று வாசி.' 'அக்காவும் தம்பியும் பேசுவதில்லை, தனித்தனி நேரம் கொடு.' 'கைநாட்டு. கேட்டு வருத்தப்படுத்தாதே, மை டப்பாவைத் தயாராக வை.' 'மகன் அவசரப்படுத்துவான், நீ அவசரப்படாதே.' இப்படி நாலாயிரம். ஒரு ஃபைல் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், இந்த மாதிரிக் குப்பையெல்லாம் இருக்கக்கூடாது. லேபில் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். இதை நீக்கவும் ஒரு கட்டளை எழுதினேன். எழுதி, ஓட்டாமல் வைத்திருக்கிறேன்.

என் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். சும்மாதான். நாலாயிரம் ஃபைலில் ஒரே ஒரு இடத்தில் வந்தது. இந்தக் கடையின் வாடகை ஒப்பந்தத்தில், 'செண்பகவல்லி, க/பெ. கோமதிநாயகம்' என்று. மேலே குறிப்பு எதுவும் இல்லை.

தண்ணீர் வேண்டுமா? பானை அங்கே இருக்கிறது. நானே எடுத்துத் தருகிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசி பிறந்த சமயம். தமிழ் அடிக்கும் முறைகள் இருக்கும் பட்டியலை வேறு எதற்காகவோ திறந்தேன். முதல் வரியில் நான் போட்ட அறிவியல்பூர்வமான முறை. இரண்டாவது, மூன்றாவது வேறு என்னென்னவோ. நான்காவது வரியில், அண்ணாச்சி, 'டைப்ரைட்டர்'. அவள் விரலுக்குத் தெரிந்த அதே முறை. கொம்பு முதலில். லினக்ஸோடு கூடவே வந்திருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் அவளை மாதிரி ஒருத்தியை நினைத்து எப்போதோ செய்து வைத்திருக்கிறான். ஆடி முப்பத்தொன்றாம் தேதியும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் மூன்று வரி கீழே பார்த்திருந்தால் போதும். நீ எப்படி அடிப்பாய் என்று அவளிடம் கேட்டிருந்தால் பார்த்திருப்பேன்.

இல்லை, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன். எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டுச் சேர்த்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன். முத்திரைத்தாள் இடைவெளி சரியாகிவிட்டது, ஃபைல் எல்லாம் சரியாகிவிட்டது. பிரிண்டர் மட்டும் மூன்றாவது பக்கத்தில் நின்று யோசிக்கிறது. அதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் வர வேண்டும். அது வந்ததும் இன்னொன்று கிளம்பும் என்கிறீர்களா? கிளம்பலாம். ஐப்பசியில் சவுண்ட் போயிற்று. பத்திரத்துக்கு சவுண்ட் எதற்கு என்று கேட்கிறீர்கள், நியாயம்தான். ஆனாலும் அதற்கு ஒரு வாரம் ஆகிவிட்டது.

இருங்கள், பிச்சையா கையைக் காட்டுகிறான். இருபத்திரண்டையா, இருபத்து மூன்றையா? இருபத்திரண்டு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஏன் சிரிக்கிறீர்கள்?

சொல்லுங்கள், பரவாயில்லை. என்ன, அவளே அனுப்பினாளா? உங்களையா? எல்லாரையுமா?

'அங்க போய் உக்காருங்க, அவர் ஆடியில ஆரம்பிச்சு ஐப்பசிக்கு வர்றதுக்குள்ள உங்க பத்திரம் முடிஞ்சிரும்'. அப்படியா சொன்னாள்? கடை நிறைய ஆளை வைத்துக்கொண்டா? பிச்சையாவும் இருந்தானா? சிரித்தானா?

அப்படியானால் இங்கே உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் போய்… நான் ஒவ்வொருவரிடமும் ரகசியம் என்றுதானே சொன்னேன். நான்காவது வரியும் தெரியுமா அவளுக்கு? எப்போதிலிருந்து? போன மாதமே ஒருத்தர் போய்ச் சொன்னாரா. யார், அந்தச் சிவகிரி வாத்தியார்தானே? பார்த்தால் சாதுவாக இருந்தாரே. பட்டியலில் எத்தனையாவது வரி என்பதுவரை சொல்லிவிட்டாரா?

தெரிந்துமா பேசாமல் இருக்கிறாள். நேற்று ராத்திரிகூட ரசம் ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லையே.

என்ன சொன்னாள், அவள் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். எதையும் மாற்றாதீர்கள்.

'ஊர் பூராவும் ஆள் பிடிச்சு உக்காத்தி வச்சுச் சொல்றாரு. எனக்குச் சொல்லணும்னு மட்டும் தோணல. இருபது அடி ரோடு. நான் தாண்டினேன்ல?'

ஹூம்.

இல்லை அண்ணாச்சி, உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. நன்றிதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் இருங்கள், யோசிக்கிறேன். என்னவென்று ஆரம்பிப்பது? 'செண்பகம், அந்தப் பட்டியலில்…' வேண்டாம், பட்டியல் வேண்டாம். 'பிரிண்டர் டிரைவர் வந்ததும்…' அதுவும் வேண்டாம். உனக்கு எது வேண்டும் என்று கேட்டால்? அவள் பழைய விண்டோஸே வேண்டும் என்றுவிட்டால் என்ன செய்வேன்? இங்கேயே இருக்கிறேன், பிச்சையா கடையே வசதி என்றுவிட்டால்? அதுவும் ஒரு பதில்தானே. கேட்கிறவன் எல்லாப் பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். நான் தயாரா என்று தெரியவில்லை. முன்பு கேட்காமல் விட்டதற்கும் இந்தப் பயம்தான் காரணமோ என்னவோ.

இன்றைக்குக் கூட்டம் அதிகம். கலைந்த பிறகு போகலாம். சாயங்காலம் ஸ்கூட்டரில் போகும்போதுகூடக் கேட்கலாம். ஹெல்மெட்டில் காது கேட்காது, ஆனாலும்… இல்லை, அப்படிப் பார்க்காதீர்கள். போகிறேன். இப்போதே போகிறேன். உங்கள் டோக்கனுக்கு முன்னால் புகுந்ததாக நினைக்காதீர்கள், இரண்டு நிமிடம்.

பாருங்கள், எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கை மட்டும் நிற்கவில்லை, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே அடிக்கிறாள். அதுதான் ஹையர். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைக்கிறாள். யாருக்கு அந்த இடம்? எனக்கா, அடுத்த டோக்கன்காரருக்கா? உங்களுக்கு இங்கிருந்து என்ன தோன்றுகிறது?

சரி, உங்களைக் கேட்டு என்ன? அவளையே கேட்கிறேன்.